அக்கா வரட்டும் சார்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, அன்னூரில், அவர் வீட்டில். நெஞ்சு வலி என்றிருக்கிறார்... ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் பழனியம்மா அக்கா போனில் சொன்னபோது நம்பவில்லை. நேற்று சாயங்காலம்தான், முடியைக் கட்டாமல் மெஷினில் உட்கார்ந்தேன் என்று என்னைத் திட்டிவிட்டு பஸ் ஏறினார்.

தெரியாதவர்களுக்கு... கோவையில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில், எங்கள் வைண்டிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் அவர். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுவது எங்கள் வேலை.

நான் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவள். அப்புறம் சில கம்பெனிகள்... எதிலும் நிற்கவில்லை. எல்லா இடத்திலும் மேலே இருப்பவர்கள் நேரில் சிரிப்பார்கள், ரூமுக்குள் போய் வேறு பேசுவார்கள். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் மேனேஜர் அக்காவைக் கேபினுக்குக் கூப்பிட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேனேஜர் கை என் பக்கம் நீளுகிறது. சரி, இங்கேயும் முடிந்தது என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. "அம்மணி, உள்ள வா. உன்னையப் பத்தித்தான் பேச்சு."

மேனேஜர் முகம் போன போக்கு இருக்கிறதே... "அந்தப் புள்ளைய எதுக்குங்க கூப்பிட்டீங்க?" என்றார்.

"யாரைப் பத்திப் பேசறமோ அவங்க இருக்கோணுமுங்க சார். இப்பச் சொல்லுங்க."

"போனைக் கொஞ்சம் கொறச்சுக்கம்மா" என்றார் மேனேஜர் என்னிடம். அவ்வளவுதான்.

அக்கா விடவில்லை. "வேலைய உட்டு அனுப்பச் சொன்னீங்களேங்க, அதையுஞ் சொல்லிப்போடுங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உனக்குக் கை வேகம் அம்மணி. வாய் அதுக்கு மேல வேகம். கம்பிய இழுத்து அறுத்துப்போடற. சரி பண்ணலைன்னா நானே அனுப்பச் சொல்லுவேன். அதையும் உன்னைய முன்னாடி வெச்சுட்டுத்தான் சொல்லுவேன்."

செம கோபம் எனக்கு. ஆனால் பை லாக்கருக்குத் திரும்பப் போய்விட்டது. என் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் நடக்காத இடம்... எனக்கு அது புதுசு.

இந்த ரூல் எங்களுக்கும்தான். டீ டைமில் வராதவளைப் பற்றி ஆரம்பித்தால் "அவ வரட்டும்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கடைசியில் எங்களுக்குப் பேச நடிகர்கள் மட்டும்தான் மிச்சம்.

"அவங்களையும் கூப்பிட்டு வெச்சுத்தான் பேசோணுமாக்கா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"வந்தா டீ நான் வாங்கித் தாரேன். கூப்பிடு பாக்கலாம்."

போன மழைக்காலத்தில் கம்பெனி புது இடத்தில் செம்புக் கம்பி வாங்கியது. மேல்பூச்சு நகம் பட்டாலே உரிந்தது. எங்கள் எல்லோர் முன்னாலும் அக்கா மேனேஜரிடம் சொன்னார். "இது நிக்காதுங்க சார்."

"ஓட்டுங்க, பாத்துக்கலாம்" என்றார் அவர். ஓட்டினோம்.

பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகளுக்குப் போன மோட்டார்கள் கருகித் திரும்பி வர ஆரம்பித்தன.

அந்தச் சமயம் பார்த்து அக்கா லீவு. அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மேனேஜர் எங்களை ஒவ்வொருவராகக் கேபினுக்குக் கூப்பிட்டார். பழி யார் தலையில் விழப்போகிறது, யார் வேலை போகப்போகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

முதலில் போனது பழனியம்மா அக்கா. செக்‌ஷனிலேயே சீனியர். மேனேஜரைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிறவர். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"என்னக்கா கேட்டாரு?"

"ஸ்டெல்லா ஒழுங்கா செக் பண்றாளான்னாரு. அவ வரட்டுங்க, வந்தப்பறம் சொல்றேன்னுபோட்டு வந்துட்டேன்."

அடுத்து நான். "பயப்படாமச் சொல்லும்மா, இந்த ரூமைத் தாண்டிப் போகாது" என்றார். இதே வரியைப் பழைய கம்பெனிகளிலும் கேட்டிருக்கிறேன். தாண்டித்தான் போகும்.

"அக்கா வரட்டும் சார்."

எனக்குப் பின்னால் போன எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

சுமதி என்று ஒருத்தி. அக்காவிடம் தினமும் சண்டை போடுவாள். அவள் சொன்னதுதான் ஹைலைட். "அவங்களுக்கும் எனக்கும் ஆகாதுங்க சார். அதையும் அவங்க வந்தப்பறமே சொல்றனுங்க."

அக்கா வந்த அன்று முதலாளியே செக்‌ஷனுக்கு வந்தார். கேபினுக்குள் போகலாம் என்றார் மேனேஜர். "இங்கயே பேசலாமுங்க" என்றார் அக்கா.

"கம்பி நிக்காதுன்னு சொன்னனுங்க. சார் ஓட்டச் சொன்னாருங்க. ஆனா லைனை நிறுத்தாம உட்டது என்னோட தப்புங்க. இவங்க மேல ஒண்ணும் இல்லீங்க."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். பழைய கம்பி திரும்ப வந்தது. அக்கா அதே வேலையில் தொடர்ந்தார்.

நாங்கள் கேபினில் சொன்னது தெரிந்து, டீ டைமில் அக்கா கேட்டார். "எல்லாருமே அதையேவா சொன்னீங்க?"

"ஆமாக்கா."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அதிலிருந்து எந்த செக்‌ஷன் என்று யார் கேட்டாலும் நாங்கள் வைண்டிங் என்று சொல்வதில்லை. ஸ்டெல்லா அக்கா செக்‌ஷன். கொஞ்சம் கெத்தாகவே சொல்வோம்... இனிமேலும் அப்படித்தான் சொல்வோம்.

அக்கா... நீங்க இல்லாதப்ப உங்களைப் பத்தி இவ்வளவு பேசுனது இதுதான் முதல் தடவை. இங்க பாதிதான் எழுதியிருக்கேன். மீதிய நாளைக்கு அன்னூர் வந்து உங்க முன்னாடி நின்னு சொல்லிக்கறோம்.

சுமதியும் வாரா.

வாரோம்க்கா.