எங்கள் மெரூனுக்கு ஒரு பதிவிலக்கம்

எனக்குப் பெருமை கொஞ்சம் கூடத்தான். மருதமுனையில் பத்துத் தறியும் ஒரு சாயக் கொட்டிலும் வைத்துக்கொண்டு, நெய்த மேசை விரிப்பைக் கடல் கடந்து அனுப்புகிறவளுக்கு அது இல்லாவிட்டால்தான் பிழை. ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன்னால் கொழும்பிலுள்ள ஏற்றுமதிக் கம்பனி அனுப்பிய கடிதம் ஒன்று, அந்தப் பெருமையைக் கொஞ்ச நாள் மூலையில் உட்கார வைத்துவிட்டது.

சாமான் போய்ச் சேரும் நாடுகளில் சட்டம் இறுகிவிட்டதாம். நாங்கள் பாவிக்கும் ஒவ்வொரு இரசாயனத்துக்கும் சரியான பெயர், செய்த கம்பனி, பதிவிலக்கம், பாதுகாப்புத் தாள் எல்லாம் காட்ட வேண்டும். தவணை இரண்டு மாதம். பிறகு ஆள் வந்து பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் ஓடர் கிடையாது. ஓடர் இல்லையென்றால் பத்துத் தறியில் ஆறு நின்றுவிடும்.

இதென்ன பெரிய வேலை என்று கொப்பியும் பேனையுமாகச் சாயக் கொட்டிலுக்குப் போனேன். பதினொரு டின் இருந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? லேபிளைக் கிழித்ததே நான்தானே.

எங்கள் பக்கம் ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் சாயக் கொட்டில், அந்தப் பக்கமும் சாயக் கொட்டில். யார் என்ன சாயம் வாங்குகிறார் என்பது வீட்டு ரகசியம். டின் லொறியால் இறங்கியதும் முதல் வேலை, லேபிளைச் சுரண்டி அடுப்பில் போடுவது. கல்யாணம் முடித்து வந்த முதல் மாதமே இதைப் பழகிக்கொண்டேன். ஊரிலேயே மிகச் சுத்தமாகச் சுரண்டுகிறவள் நான்தான் என்ற நினைப்பும் இருந்தது.

என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, இருபது வருடமாக எங்கள் சாயமெல்லாம் அவர் கையால்தான். டின்களின் நடுவே நின்ற என்னைப் பார்த்து, "என்ன புள்ள, பேயறஞ்ச மாதிரி நிக்காய்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, இது மஞ்சள், இது கடும் நீலம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"அதுட பேரு என்ன மதினி?"

"நிறம் எனக்குத் தெரியும். பேரு எனக்கெங்க தெரியும்? நீதானே எரிச்ச."

ஒவ்வொரு டின்னிலும் கொஞ்சம் எடுத்து நூலில் தோய்த்து, எங்களுக்குச் சாயம் விற்கிற கொழும்புக் கடைக்கு அனுப்பினோம். அவர்கள் தங்கள் நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பத்துக்குப் பெயர் கண்டுபிடித்துத் தாள்களும் அனுப்பினார்கள். பதினோராவது டின் மெரூன். அதை மட்டும் வேறு கடையில் வாங்கினோம். அந்தக் கடை மூடி வருடக்கணக்கு ஆகிவிட்டது, மூடும்போது மொத்தமாக வாங்கி வைத்ததுதான் இன்னும் ஓடுகிறது. எங்கள் விரிப்பின் கரையில் ஓடும் அந்த மெரூன் கோட்டைப் பார்த்துத்தான் வெளிநாட்டில் எங்களைக் கேட்டு வாங்குகிறார்கள்.

வேறு வழியில்லாமல் மெரூன் நூலை எடுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனேன். அங்குள்ளவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் சாயத் தொழில்தான். கல்யாணம், மௌத்து எல்லாவற்றுக்கும் போய் வருவோம். சாயத்தைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கதைத்ததில்லை. அவர் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய், மட்டையில் ஒட்டியிருந்த லேபிள் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"நீங்க எரிச்சிருப்பீங்க. நான் உரிச்சு வெச்சிக்கிட்டன். நாம ரெண்டு பேரும் ஒரே டின்னத்தான் ஒளிச்சிக்கிட்டு இருந்திரிக்கம் தங்கச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடுத்த நாள் வரைக்கும்தான். லேபிளில் இருந்த பெயரைக் கம்பனிக்கு அனுப்பியிருந்தேன், அந்தச் சாயம் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் இருப்பதாகக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. நீண்ட காலம் தோலில் பட்டால் புற்றுநோய் வரலாம் என்று தாளில் எழுதியிருந்தது. மதினியின் கை மணிக்கட்டு வரை எப்போதும் சிவந்திருக்கும். "எனக்கு மருதோண்டி போடத் தேவல்ல" என்று பெருநாளுக்குப் பெருநாள் சொல்லிச் சிரிப்பார். அயல்வீட்டுக் கண்ணிலிருந்து சாயத்தைக் காத்த நான், அந்தக் கையைக் காக்க நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சோதித்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை என்றார்கள்.

பட்டியலில் அந்த டின்னை எழுதாமல் விட்டால் என்ன என்று ஒரு பின்னேரம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மதினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொய் சொல்லியா துணி விக்கப் போறாய்? பாவிச்சம், நிப்பாட்டிட்டம் எண்டு எழுது. மெரூன நான் பாத்துக்குறன்."

பார்த்துக்கொண்டார். நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் கையுறையோடு, பதிவுள்ள சாயம் மூன்றைக் கலந்து கலந்து தோய்த்தார். ஒன்று செங்கல்லாக வந்தது, ஒன்று கத்தரிக்காயாக வந்தது. "இந்தக் கிளவுஸ மாட்டிட்டு நூலத் தொட்டா ஒண்டும் விளங்குதில்ல" என்று என்னைத் திட்டினார், ஆனாலும் கழற்றவில்லை. பத்தொன்பதாவது தரம் கொடியில் காயப்போட்ட நூலையும் பழைய நூலையும் பக்கத்தில் வைத்தபோது, எது எது என்று எனக்கே தெரியவில்லை.

தவணை நாளில் கம்பனியின் அதிகாரி வந்தார். பதில்களை நான் இரவு பகலாகப் பாடமாக்கியிருந்தேன். சாயத்தண்ணீர் எங்கே போகிறது, தூள் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்கக் கேட்க, நான் ஒரு கேள்விக்கு மற்றக் கேள்வியின் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதினி முன்னால் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், டின்னைத் தொட்டுக் காட்டியே சொன்னார். நிறுத்திய சாயத்தையும் தானாகவே காட்டினார். அதிகாரி எழுதி முடித்து, எல்லாம் சரி, ஓடர் தொடரும் என்றார். பிறகு சாமானோடு வெளிநாடு போகும் கடைசித் தாளைக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். 'இரசாயனங்களுக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் முதலாளி என்று என் பெயரைப் போட்டிருந்தேன். அதை வெட்டிவிட்டு மதினியின் பெயரை எழுதினேன்.

"எனக்கென்னத்துக்கு புள்ள இதெல்லாம்?" என்றார். ஆனாலும் கிளவுஸைக் கழற்றி, கையைச் சீலையில் துடைத்து, பிஸ்மி சொல்லிக் கையெழுத்து வைத்தார். இருபது வருடமாக அவர் தோய்த்த நிறம் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறது. அவர் பெயரும் கூடப் போனது அன்றைக்குத்தான்.