இன்னும் ஜன்னல் வைக்காத அறை

ஜன்னலை வடக்கே வைப்பதா, கிழக்கே வைப்பதா? மேஸ்திரி இதைக் கேட்டது ஐப்பசி மழைக்கு முன்னால். கார்த்திகை முடியப்போகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வடக்கனந்தல் போகிற சாலையில், மக்காச்சோளக் கொல்லையை ஒட்டி எங்கள் வீடு. அதன் பின்பக்கம் ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் மேற்குச் சுவரோரம் நெல் மூட்டை அடுக்குவது என்று வீட்டில் எல்லோருமாக முடிவு செய்தாகிவிட்டது. தெற்கில் வாசற்படி. மிச்சம் இருக்கும் இடம் எனக்கு. நான் கேட்கவில்லை, என் கணவரே, “அங்க உக்காந்து வரையேன், சமையல்கட்டுல இன்னாத்துக்குக் கஷ்டப்படற” என்றார். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, அதிகமாகவும் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படித்தது ஓவியம். துணியில் வரைகிறேன். காடாத் துணிக்கு மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சிப் பூசி, காயவைத்து, வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் மண் நிறங்களைப் பூசுவேன். ஒவ்வொரு துணியும் வேட்டி அளவுக்கு நீளம். அதை விரித்து மாட்ட ஒரு முழுச் சுவர் வேண்டும். வடக்கும் கிழக்கும்தான் மீதி. ஒன்றில் துணி, ஒன்றில் ஜன்னல்.

வடக்கில் ஜன்னல் வைத்தால் வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். கிழக்கில் வைத்தால் காலை வெயில் நேரே உள்ளே வந்து விழும். காலையில் காவி என்று நம்பிப் பூசியது சாயந்திரம் செங்கல் நிறமாக முறைக்கும். ஆனால் கிழக்கில்தான் களம் இருக்கிறது. களத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டியைச் சுற்றி, கோழியைத் துரத்திக்கொண்டு, இரண்டு வயதுப் பாப்பா இருக்கிறாள். அவள் பிறந்த பிறகு நான் ஒரு துணியைக்கூட முடிக்கவில்லை. இந்த அறையிலும் முடிக்காவிட்டால் இனி எங்கேயும் முடிக்கமாட்டேன் என்று ஒரு பயம். ஜன்னலைப் பற்றி இவ்வளவு யோசிக்கக் காரணம் அதுதான்.

இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் கரியாலூரில் ஓவியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி என்று தகவல் வந்தது. என்னோடு படித்த ஒருத்தி நடத்தினாள். வரையக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி இல்லை. இனி எப்படி வேலை செய்யப்போகிறோம் என்று யோசித்துப் பார்க்கிற பயிற்சி. பாப்பாவை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. என் நாத்தனார், கணவரின் தங்கை, “நானும் வரேன் அண்ணி, நீங்க வரைங்க, நான் பாப்பாவுக்கு அருவி காட்டறேன்” என்றாள். மலை ஏறும் பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே பாப்பா என் புடவையில் வாந்தி எடுத்தாள். நாத்தனார் எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கில் வைத்துக்கொண்டே, “உங்க அம்மா பெரிய ஆளு ஆவப் போறாங்க, நீ இன்னான்னா புடவையைப் பாழ் பண்ற” என்றாள்.

பயிற்சி நடந்த கூடம் ஒரு பலாமரத்துக்குக் கீழே இருந்தது. முதலில் கண்ணை மூடிக்கொண்டு, நாம் வேலை செய்யப்போகிற இடத்தில் என்ன வாசனை வரும், என்ன சத்தம் கேட்கும் என்று தோழி எங்களைச் சொல்லச் சொன்னாள். எனக்குப் புளித்த கஞ்சி வாசனைதான் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “எனக்கு டீ வாசனை வருதுங்க” என்றார். யாரும் சிரிப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார்.

அடுத்ததாக, எழுதாத கையால், எழுதுகிற கை வழக்கமாகச் செய்யும் வேலையை வரையச் சொன்னாள். இடது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் கோணல்மாணலாகப் போனது. நன்றாக வந்திருக்கிறதா என்று யோசிக்கவே வழியில்லாததால் எனக்கு அது பிடித்திருந்தது.

மதியத்துக்குப் பிறகு நடந்ததுதான் இதையெல்லாம் எழுதவைத்தது. “பத்து வருஷம் கழிச்சு வர்ற ஒரு சாதாரண நாளை வரையுங்க. கண்காட்சி வேணாம், பரிசு வேணாம். எழுந்ததிலேர்ந்து படுக்கற வரைக்கும், எதையும் விடாம” என்றாள். நான் ஆசையாக வரைந்தேன். புதிய அறை. வடக்கே ஜன்னல். கிழக்குச் சுவர் முழுக்கத் துணி. அடுப்பில் கஞ்சி. மேற்கில் நெல் மூட்டைகளைக்கூட விடவில்லை. நான் தூரிகையோடு நிற்கிறேன், இடுப்பில் பாப்பா.

நாத்தனார் அருவியிலிருந்து திரும்பி வந்து தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இது பத்து வருஷம் கழிச்சா அண்ணி?”

“ஆமா.”

“அப்பவும் பாப்பா உங்க இடுப்புலயே உக்காந்துகினு இருக்குமா? சோறே போட மாட்டீங்களா அதுக்கு?”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். கஞ்சிப் பானையின் மூடிவரை யோசித்து வரைந்தவள், பெண் வளர்வாள் என்பதை மறந்திருக்கிறேன். பத்து வருடத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அழிரப்பர் வாங்கி இடுப்பிலிருந்த குழந்தையை அழித்தேன். படத்தில் என் இடது கை எதையும் பிடிக்காமல் வளைந்து நின்றது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை எங்கே வரைவது? வாசற்படியில் உட்காரவைத்தேன், போகிற வழியை மறிப்பதுபோல் இருந்தது. மூட்டைமேல் ஏற்றினேன். பிறகு அழித்துவிட்டு அறைக்கு வெளியே, மக்காச்சோளக் கொல்லைப் பக்கம், முதுகைக் காட்டி நடக்கிற மாதிரி சின்னதாகப் போட்டேன். முகம் எப்படி இருக்கும் என்று தெரியாததும் ஒரு காரணம்.

அப்போதுதான் கவனித்தேன். என் வடக்கு ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள்.

இரண்டாம் நாள் கடைசிப் பயிற்சி, அந்த நாளை நோக்கி இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைச் சொல்வது. சிற்பக்காரர் பட்டறை விளக்கை மாற்றப்போவதாகச் சொன்னார். “மேஸ்திரியிடம் வடக்கு என்று சொல்லப்போகிறேன்” என்றேன் நான். எல்லோரும் கை தட்டினார்கள். இறங்கும் பஸ்ஸில் பாப்பா என் மடியில் தூங்கினாள். சட்டை முழுக்கப் பலாப்பால் பிசுக்கு. நெடுநாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை பாப்பா தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வடக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

“வடக்கேயே வச்சிடு” என்றார் கணவர். “பாப்பாவ நான் பாத்துக்கறேன்.”

“நீங்க கரும்புக் கொல்லையில இருப்பீங்க.”

“அப்ப கிழக்கே வை.”

“காவி நிறம் கெட்டுப்போகும்.”

“அப்ப ரெண்டும் வேணாம், மேல ஓட்டை போட்டுக்கலாம். மழை வந்தா உன் கஞ்சி ஜாஸ்தியாவும், லாபம்.”

தொட்டிக்குத் தகர மூடி போட்டுத் தந்தார். ஆனாலும் களத்தில் பாம்பு வரும், வண்டி வரும். பாப்பா பள்ளிக்கூடம் போகிறவரைதானே என்று ஒரு மனசு. போன பிறகும் அவள் திரும்பி வருகிற வழியைப் பார்க்கத்தானே போகிறாய் என்று இன்னொரு மனசு.

மேஸ்திரி வந்து, “இன்னாம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?” என்றார். என் முகத்தைப் பார்த்து அவரே இரண்டு சுவரிலும் ஜன்னல் அளவுக்கு இடம் விட்டுக் கட்டிவிட்டு, “எது வேணாமோ அதை அடைச்சுக்கலாம்” என்று சொல்லி, தியாகதுருகத்தில் ஒரு மண்டப வேலைக்குப் போய்விட்டார். தை பிறந்ததும் வருவார்.

அதுவரை அறைக்கு இரண்டு திறப்பு. மழை நின்ற நாளில் திறப்புகளை மூடியிருக்கும் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, வடக்குத் திறப்பின் மேலேயே பாதித் துணியைத் தொங்கவிட்டு வரைகிறேன். கிழக்குத் திறப்பில் பாப்பா கன்னத்தை வைத்து, “அம்மா, இன்னா?” என்கிறாள். “காவி” என்கிறேன். போய்க் கோழியைத் துரத்திவிட்டு மறுபடி வந்து கேட்கிறாள். துணி மெதுவாக நிறைகிறது. கால்வாசி ஆகிவிட்டது.

வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டே கைவேலை செய்கிறவர்கள், செய்தவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய காலம் உங்களுக்கு எப்போது முடிந்தது? முடிந்த பிறகு, எந்தப் பக்கத்து ஜன்னலை வைத்திருக்கலாம் என்று தோன்றியது? மேஸ்திரி வருவதற்குள் எழுதுங்கள்.