ஒவ்வொரு நகர்வுக்கும் நான்கு நொடி

இளவரசிக்கு முப்பத்து நான்கு வயது. பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மாடியில் இருக்கும் டிசைன் கடையில் வேலை பார்க்கிறாள். பட்டுப்புடவையின் பார்டரிலும் முந்தானையிலும் வரவேண்டிய மயிலையும் யாளியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பாள். கணவன் சிவபாலன் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறான். அவனுக்கு அடுத்தபடியாக அவளுக்கு இந்த ஊர் உலகத்தில் நெருக்கம் என்று இருந்தவள் ஒருத்திதான், பள்ளித் தோழி அகிலா.

இருவரும் பள்ளி செஸ் அணியில் இருந்தவர்கள். அணியில் பலமானவருக்கான முதல் போர்டில் அகிலா உட்காருவாள், இரண்டாவதில் இளவரசி. பன்னிரண்டாம் வகுப்போடு காய்களைத் தொடுவது நின்றுபோனது. அகிலா வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று ஃபோன் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

ஊரடங்கு வந்து கடை மூடிக் கிடந்த மாதங்களில்தான் இளவரசி ஃபோனில் செஸ் ஆட ஆரம்பித்தாள். மூன்று நிமிட ஆட்டம். ஆளுக்கு மொத்தமே மூன்று நிமிடம். அதற்குள் முடிக்க வேண்டும், நேரம் தீர்ந்தால் ஜெயிக்கிற நிலையில் இருந்தாலும் தோல்வி. அந்தத் தளத்தில் ஜெயிக்க ஜெயிக்க ரேட்டிங் ஏறும், தோற்றால் இறங்கும். தொள்ளாயிரத்தில் தொடங்கியவள் ஆறே மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்தாள். அதோடு நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது ஆட்டம் ஆடினாள். தோற்ற கோபத்தில் அடுத்த ஆட்டம், அந்தத் தோல்வியின் கோபத்தில் அதற்கடுத்தது. சாதம் குழைந்துபோனது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருடம் முழுக்க ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒரு புள்ளி நிலைக்கவில்லை.

ஒரு நாள் ஃபோனில் அகிலாவிடம் புலம்பியபோது, அகிலா தானும் அதே தளத்தில் ஆடுவதாகச் சொன்னாள். வேறு யாரோடும் ஆட நேரமில்லை, உன்னோடு வேண்டுமானால் தினமும் ஆடுகிறேன் என்றாள். மில் ஆபீசில் பில் போடுகிற கம்ப்யூட்டர் அவள் பொறுப்பில் இருந்தது. மதியம் ஒன்றரைக்கு அங்கே ஈ காக்கை இருக்காது. இளவரசிக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். ஐந்து ஆட்டம், பிறகு கால் மணி நேரம் ஃபோனில் பேச்சு. எங்கே பிசகியது, ஏன் பிசகியது என்று. ரேட்டிங் சேராத நட்பு ஆட்டங்கள் அவை.

இளவரசி நிஜமாகவே தேறியது அந்த மதியங்களில்தான். நாற்பது ஆட்டம் ஆடுவதை விட்டாள். தொடர்ந்து இரண்டு தோற்றால் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள். யூடியூபில் பார்த்த பத்து வகை ஆட்டத் தொடக்கங்களையும் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை விரல் தானாக ஆடும்வரை ஆடினாள். யானையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சியிருக்கும் கடைசிக் கட்டங்களைப் பதினைந்து நொடியில் முடித்துப் பழகினாள். மௌஸ் பிடித்துக் கட்டம் நிரப்பிய கை என்பதால் வேகம் அவளுக்குப் பிரச்சினையாக இல்லை. நிதானம்தான் இல்லை. அது அகிலாவிடம் இருந்தது. தன் ராணியை யாராவது மிரட்டினாலும் அகிலாவுக்குப் பதற்றம் கிடையாது, எளிதாக ஒரு குதிரையை வெட்டக் கிடைத்தாலும் பாய்ச்சல் கிடையாது. ஒரே சீராக ஆடிக்கொண்டே போவாள். இளவரசி அதைப் பார்த்துப் பார்த்துத் தானும் அப்படி ஆட முயன்றாள். ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசிப் பார்க்க வேண்டாம், சொந்த மூளை மழுங்கிவிடும் என்று அகிலா சொன்னதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

ரேட்டிங் ஆயிரத்து எண்ணூறைத் தொட்டது. பிறகு இரண்டாயிரம். மூன்றாவது வருட முடிவில் இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது. முகம் தெரியாத ரஷ்யாக்காரனையும் பிரேசில்காரியையும் தோற்கடித்தாள். அகிலாவிடம் மட்டும் பத்துக்கு ஒன்பது தோற்றாள். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. கிடைத்த அந்தப் பத்தில் ஒரு வெற்றி அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

அந்த மூன்று வருடத்தில் செஸ் மட்டும் பேசவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய கரு நான்காம் மாதத்தில் கலைந்தபோது, இளவரசி பத்து நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பதினோராம் நாள் ஒன்றரை மணிக்கு அகிலாவின் அழைப்பு திரையில் வந்தது. ஆடினாள். அன்று ஐந்தில் மூன்று ஜெயித்தாள். ஃபோனில் அகிலா, உன் கை உன்கிட்டதான் இருக்குது பார் என்றாள். இளவரசி அப்போதுதான் முதன்முறையாக அழுதாள். அந்த மூன்று வெற்றிகளைப் பற்றி சிவபாலனிடமும் சொன்னாள்.

போன வருடம் ஆதிகேசவன் அவளைத் தேடிவந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், சுற்றுவட்டாரத்துச் செஸ் ஆட்டக்காரர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பவர். ஊர்களுக்கிடையே பெண்கள் அணிகளுக்கான ஆன்லைன் போட்டி ஒன்று நடக்கப்போகிறது, நான்கு பேர் வேண்டும், மூன்று நிமிட ஆட்டம், ஆனால் ஒவ்வொரு ஊர் அணியும் ஒரே அறையில் நடுவர் முன்னால் உட்கார்ந்து ஆட வேண்டும் என்றார். முதல் போர்டுக்கு இளவரசியைக் கேட்டார். முதல் போர்டுக்கு என்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தி வாலாஜாபாத்தில் இருக்கிறாள் என்று சொல்லி, அகிலாவைக் கேட்காமலேயே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

அகிலா முடியாது என்றாள். மில்லில் வேலை என்றாள், முதுகுவலி என்றாள். இளவரசி விடவில்லை. அகிலாவின் கணவனிடமே ஃபோன் பண்ணிப் பேசினாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டியன்று காலையில் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மாலை மாதிரி ஒரு மல்லிகைச் சரத்தையும் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு தனியார் கம்ப்யூட்டர் சென்டரில் போட்டி. அகிலா ஐந்து ஆட்டம் ஆடினாள், ஐந்தும் தோற்றாள். முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது நகர்வில் யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். மூன்றாவதில் ஒரே நகர்வுக்கு ஐம்பது நொடி யோசித்து, பிறகு நேரம் தீர்ந்து தோற்றாள். பக்கத்து நாற்காலியில் இளவரசி தன் ஐந்தில் நான்கை ஜெயித்தும் அணி அரைப் புள்ளி வித்தியாசத்தில் வெளியேறியது. இளவரசி அகிலாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, உடம்புக்கு என்ன என்று கேட்டு, ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஆதிகேசவன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்தம்மா வூட்ல ஆடும்போது பக்கத்துல எதுனா வச்சிக்கினு ஆடுவாங்களாம்மா?”

இளவரசிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. அகிலாவை எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும், கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள், நீங்களே பாருங்கள் என்று சொல்லி, அவருக்குக் காட்டுவதற்காக அகிலா ஜெயித்த ஆட்டங்களில் சிறந்தவற்றைத் தேடி எடுக்க உட்கார்ந்தாள். தளத்தில் எல்லா ஆட்டமும் பதிவாகியிருக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் யார் எத்தனை நொடி எடுத்தார்கள் என்பது ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இத்தனை வருடத்தில் அந்த ஓரத்தை அவள் பார்த்ததில்லை.

நான்கு நொடி. நான்கு. ஐந்து. நான்கு. கட்டாயமாக வெட்டியே ஆகவேண்டிய, யோசிக்கவே எதுவும் இல்லாத இடத்தில் நான்கு நொடி. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் திணறும் சிக்கலிலும் நான்கு நொடி. அடுத்த ஆட்டத்தைத் திறந்தாள். அதற்கடுத்ததை. மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை. ஒரு திரையில் எதிராளியின் நகர்வைப் பார்த்து, அதை இன்னொரு திரையில் இருக்கும் செஸ் மென்பொருளுக்குக் கொடுத்து, அது காட்டுவதைத் திரும்ப வந்து ஆட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அது. அப்புறமும் நம்ப மனம் வராமல் இருபது ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசினாள். அகிலாவின் நகர்வுகளில் முக்கால்வாசிக்கு மேல் மென்பொருள் சொல்லும் முதல் நகர்வேதான்.

ஆரம்ப மாதங்களின் ஆட்டங்கள் அப்படி இல்லை. அவற்றில் அகிலா நிஜமாக ஆடியிருந்தாள். பாதிக்கு மேல் ஜெயித்தும் இருந்தாள். நான்காவது மாதம் இளவரசி அதிகமாக ஜெயிக்கத் தொடங்குகிறாள். ஐந்தாவது மாதத்திலிருந்து நான்கு நொடி.

இளவரசி கடைக்கு லீவு சொல்லிவிட்டு வாலாஜாபாத்துக்குப் பேருந்து ஏறினாள். மில் ஆபீசில் அகிலா தனியாக இருந்தாள். தவிட்டுத்தூள் படிந்த மேசை. அதன்மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் ஃபோன். இளவரசியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை. ஃபோனில் மென்பொருளை வைத்துக்கொண்டு ஆடியதை அவளாகவே சொன்னாள்.

“மொதல்ல நாலஞ்சு ஆட்டம்தான்டி. நீ என்னைத் தாண்டிப் போயிக்கினு இருந்த. தாண்டிட்டா எங்கூட எதுக்கு ஆடுவ? இந்த மில்லுல நாள் பூரா என்கிட்ட யாரு பேசறாங்க? அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இருந்துச்சு.”

“ஜெயிக்கிறதுக்காடி நான் உங்கூட ஆடிக்கினு இருந்தேன்?”

நெல் அரைக்கும் சத்தம் சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது. இளவரசி வழியெல்லாம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டாள்.

“நான் ஜெயிச்ச ஆட்டமெல்லாம்?”

“சிலது நானே ஆடுனது. நெஜமாவே நீ ஜெயிச்சது.”

“மீதி?”

“உட்டுக் குடுத்தது.”

“எது எது?”

“ஞாபகம் இல்லடி.”

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த அப்புறம் ஆடுனேனே. மூணு ஜெயிச்சேன்.”

அகிலா தலை குனிந்துகொண்டாள். டீ சொல்லட்டுமா என்று அகிலா கேட்டது காதில் விழுந்தது. இளவரசி வெளியே வந்து, வந்த வழியே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

திட்டிவிட்டு வந்திருக்கலாம் என்று சிவபாலன் சொன்னான். அவளுக்குத் திட்ட வரவில்லை. தோற்ற ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்காக அவள் வருந்தவில்லை. ஒரு இயந்திரத்திடம் தோற்பதில் என்ன இருக்கிறது? ஜெயித்ததுதான் அவளை அரித்தது. எந்தச் சந்தோஷம் நிஜம், எது போட்ட பிச்சை என்று பிரித்துப் பார்க்க முடியாது. அன்றைக்கு அழுத அழுகையை யாரை நம்பி அழுதாள் என்பதும் தெரியவில்லை. செஸ் நன்றாக ஆடுகிறாய் என்று யார் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஏதோ இருப்பதாகத் தோன்றியது. ஆட்டத்தின் பக்கமே இரண்டு மாதம் போகவில்லை.

திரும்பப் போனதற்குக் காரணம் ஆதிகேசவன் சொன்ன ஒரு வார்த்தை. முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் ஆடித்தானே அந்த ரேட்டிங் வந்தது, அவர்களில் யாரும் உனக்கு விட்டுக்கொடுக்கவில்லையே என்றார். அவள் தன் ஆட்டங்களையே எடுத்துப் பார்த்தாள். அங்கே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அகிலாவின் நிதானம் என்று நினைத்து எல்லா நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க அவளும் பழகியிருந்தாள். அதனால் எளிய இடத்தில் நொடிகள் வீணாகிக் கடினமான இடத்தில் நேரம் இல்லாமல் போய்த் தோற்றிருந்தாள், நூறு நூறு தடவை. இல்லாத ஒரு நிதானத்தைக் காப்பியடிக்க அவள் மூன்று வருடம் உழைத்திருந்தாள்.

அந்தப் பழக்கத்தை உதற எட்டு மாதம் ஆனது. தெரிந்த நகர்வை ஒரு நொடியில் ஆடு, ஆட்டம் திரும்புகிற ஒரு இடத்தில் இருபது நொடி தாராளமாகச் செலவழி என்று தன்னைத்தானே பழக்கினாள். முதலில் ரேட்டிங் இரண்டாயிரத்து நூறுக்கு விழுந்தது. பிறகு ஏறத் தொடங்கி, இந்த ஆடி மாதம் இரண்டாயிரத்து நானூறைத் தாண்டியது. யாரோடும் நட்பு ஆட்டம் ஆடுவதில்லை. ஆடிய ஆட்டத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதுமில்லை.

அகிலா முதல் சில வாரம் அழைப்பு அனுப்பிக்கொண்டே இருந்தாள். இளவரசி அவள் கணக்கைத் தளத்தில் தடுத்து வைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆதிகேசவன் காலையில் ஒரு திறந்த போட்டி வைத்தார். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே ஆடலாம். ஒரு ஆட்டம் முடிந்ததும் தளமே அடுத்த எதிராளியைக் கொடுக்கும். மூன்றாவது சுற்றில் எதிரே வந்த பெயரைப் பார்த்து இளவரசியின் கை ஒரு கணம் மௌஸில் நின்றது. அகிலாவின் முழுப் பெயர், புதுக் கணக்கு, ரேட்டிங் ஆயிரத்து முந்நூற்று எண்பது. விலகிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வெள்ளைக் காய் அவளுடையது. அவள் நேரம் ஓடத் தொடங்கியிருந்தது. ஆடினாள். இருபத்து இரண்டாவது நகர்வில் அகிலாவின் ராஜாவுக்குப் போக இடமில்லை.

ஆட்டம் முடிந்ததும் கீழே ஒரு வரி வந்தது. ‘இது நானே ஆடுனது இளா.’

இளவரசி அதை இரண்டு முறை படித்தாள். அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ஆட்டத்தில் அத்தனை பிழைகள் இருந்தன. பதில் எழுதப் பெட்டியைத் திறந்து, எதுவும் எழுதாமல் மூடினாள். நான்காவது சுற்றுக்கு மாகறலிலிருந்து யாரோ ஒருவர் வந்தார். அவரோடு ஆடத் தொடங்கினாள்.

மதியம் சாப்பிடும்போது, இன்று அகிலாவோடு ஆட நேர்ந்தது என்று சிவபாலனிடம் சொன்னாள். யார் ஜெயித்தார்கள் என்று அவன் கேட்டான்.

“நான்தான்” என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ரசக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.