சாச்சியின் இடது கால்

இது நடந்தது. பேய், ஜின் என்று யாராவது கதைத்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிறவள் நஸ்லின். தன் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவள். நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போன மழைக்காலத்தில் கல்முனையில் அவளுடைய சின்னம்மா, ஹாஜறா சாச்சி, உயிர் பிரிந்து மௌத்தானார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவிட்டு, தானும் சேர்ந்து தேடுகிற மனுஷி. உள்ளங்காலில் ஒரு விரல் பட்டால் போதும். கால்விரல்கள் சுருண்டுவிடும். காலை வெடுக்கென்று இழுத்து, "விடுங்கடா, செத்துப்போவன்" என்று உருண்டு உருண்டு சிரிப்பார். ஒழுங்கையில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் விளையாட்டு.

"அஸர் தொழுகைக்கு முதல் அடக்கணும். கெதியா முடிங்க," என்று வெளியே மீராசாஹிபு மாமா சத்தம் போட்டார்.

மையித்துக் குளிப்பாட்டுகிற ஆமினா உம்மா, உதவிக்கு நஸ்லினைக் கூப்பிட்டார். சேலை மறைப்புக்குள் பலகை. பலகையில் சாச்சி. வலது பக்கம் முடிந்து இடது பக்கம் வந்தார்கள். உடம்பு முழுக்கச் சில்லிட்டுக் கிடந்தது.

இடது பாதம் மட்டும் சூடாக இருந்தது.

நஸ்லின் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர்.

உள்ளங்காலைத் தேய்த்தாள்.

விரல்கள் சுருண்டன...

"உம்மா... கால்..."

"நரம்பு இழுக்கும் புள்ள. தண்ணிய ஊத்துகா."

மறுபடி தொட்டாள். ஒரு விரலால்.

கால் வெடுக்கென்று உள்ளே போனது. பலகையில் 'டக்'.

ஆமினா உம்மாவும் கண்டார். மையித்தைச் சுற்றும் கபன் துணியை எடுத்தார்.

நஸ்லின் வெளியே ஓடினாள். "மாமா, சாச்சிக்கு உசிர் இருக்கு. டொக்டரக் கூப்பிடுங்க."

"டொக்டர் பார்த்துத்தானே மௌத்துத் துண்டு தந்தவர்."

"இன்னொருக்காப் பார்க்கச் சொல்லுங்க."

"நீ கெம்பஸ்ல டொக்டருக்கா படிச்ச? உள்ள போ."

நாலு பேர் சிரித்தார்கள். மையித்து வீட்டில்.

மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்தபோது வாசலை மறித்து நின்றாள். பெண்களே அவளைப் பிடித்து இழுத்தார்கள். அடக்குகிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. தூக்கிப் போனவர்களின் காலடிச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. பிறகு மழை.

அதற்குப் பிறகு நஸ்லினுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மண். மண்ணுக்குக் கீழே சாச்சி காலை இழுக்கிறார், இழுக்க இடமில்லை...

ஒரு பகல் சாச்சியின் மகள் ஸம்றா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ராத்தா, உம்மாவ உசிரோட அடக்கல்ல. அழாதீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சீனி வருத்தம் வந்து உம்மாட ரெண்டு காலும் மரத்துப்போய்க் கனகாலம். ஆணி ஏறினாலும் தெரியாது. ரத்தத்தக் கண்டு நான்தான் சொல்லணும்."

"பொய். நாங்க தொட்டாச் சிரிப்பாவே."

"நடிப்பு ராத்தா. புள்ளைகள் சந்தோஷப்படட்டும் எண்டு. உங்கட கை போறதக் கண்ணால பார்த்துட்டுத்தான் கால இழுப்பா."

நஸ்லின் தன் விரல்களைப் பார்த்தாள்.

மௌத்தான உடனே சாச்சியின் கண்களை மூடிவிட்டது அந்த விரல்கள்தான். பலகையிலும் கண்கள் மூடியேதான் கிடந்தன.