நூல்குருவி வராத மூன்று வசந்தங்கள்

பாட்டில் தொழிற்சாலையில் அவளைக் குருவியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒருமுறை மேற்பார்வையாளரே பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பெயர் ஞாபகம் வராமல் தலையைச் சொறிந்துவிட்டு, "குருவியக்கா, இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்றார். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இது தனக்குப் பொருத்தம் என்று நினைத்தாள்.

அவள் வேலை சோதனைப் பிரிவில். வெள்ளை வெளிச்சம் போட்ட ஒரு பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசை கட்டிப் போகும். விரிசல், காற்றுக்குமிழ், கோணிய கழுத்து எது கண்ணில் பட்டாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். இருபத்தி நாலு வருஷமாக அதைத்தான் செய்துவந்தாள். மற்றவர்கள் கண்ணால் மட்டும் பார்த்தார்கள். இவளுக்குக் காதும் வேலை செய்தது. விரிசல் விட்ட பாட்டில் பக்கத்துப் பாட்டிலில் இடிக்கும்போது சத்தம் கணீரென்று வராது, சளி பிடித்தவன் குரல் போல மங்கி வரும். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அந்த ஒரு சத்தத்தைப் பிடித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் கை நீட்டி எடுத்துவிடுவாள். காதில் அடைத்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகம் மஞ்சள் பஞ்சு கொடுத்திருந்தது. அதெல்லாம் அவள் மேஜை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்தது.

"இத மாட்டிக்கிட்டா பாதிக் கண்ண மூடிக்கிட்ட மாதிரி இருக்கு" என்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். காதையும் கண்ணையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாளே என்று.

குருவியக்கா என்ற பெயர் வந்தது உலை பழுதான வருஷம். வசந்த காலத்தில் இரண்டு மாதம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தையல்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தவளுக்குச் சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய் இறங்கினாள். கால்வாய்க் கரையோரம் நடந்து, ஒரு மேய்ச்சல் சரிவில் ஏறி இறங்கி, கீரைத் தோட்டம் ஒன்றைக் கடந்தால் நாணல் மண்டிய சதுப்பு. அங்கே ஒரு கல்லில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. மனசு மட்டும் கழுவி வைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எந்த வசந்தத்திலும் ஒரு ஞாயிறைக்கூட அவள் விட்டதில்லை. தொழிற்சாலை மறுபடி திறந்தபோது குருவிப் பேச்சாகவே பேசினாள், பெயர் ஒட்டிக்கொண்டது.

பழைய தொலைநோக்கி ஒன்று வாங்கிக்கொண்டாள். அதில் இடது பக்கம் பனி பிடித்த மாதிரி இருக்கும். பூக்களுக்கும் பறவைகளுக்கும் புத்தகத்தில் இருந்த பெயர்கள் வாயில் நுழையாததால் தானே பெயர் வைத்தாள். சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சளாகப் பூப்பது பொத்தான். வெயில் ஏறும் வரை இதழ் விரிக்காத நீலப்பூ சோம்பேறி. பார்க்க முள்ளாக இருந்து தொட்டால் பஞ்சாக இருப்பது வீண்கோபக்காரி. பார்த்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். துணைக்கு யாரையும் கூட்டிப் போனதில்லை. "கூட ஒரு ஆள் வந்தா பேச வேண்டியிருக்கு" என்பதுதான் அவள் சொன்ன ஒரே காரணம்.

எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர் நூல்குருவி. பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நாணலுக்குள்ளேயே ஒளிந்து திரியும் அதை இத்தனை வருஷத்தில் இரண்டே முறைதான் கண்ணால் பார்த்திருக்கிறாள். கண்டுபிடிப்பதெல்லாம் குரலை வைத்துத்தான். மெல்லிய, அறுபடாத ஒரே சத்தம், நூல்கண்டிலிருந்து யாரோ இழையை இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி. அது கேட்ட நாள்தான் அவளுக்கு வசந்தம் தொடங்கிய நாள்.

சதுப்புக்குப் போக வேண்டுமானால் கீரைத் தோட்டத்து வரப்பைத்தான் கடக்க வேண்டும். அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழைத்துக்கொண்டிருந்த கீரைக்காரர் அதிகம் பேசாத மனிதர். முதல் வருஷம், "பாத்து நடங்கம்மா, நாத்து இருக்கு" என்றார். அடுத்த வருஷம் அவளுக்காக வரப்பில் ஒரு பலகை போட்டு வைத்திருந்தார். போகப் போக அவரே சேதி சொல்ல ஆரம்பித்தார்.

"குருவிம்மா, உங்க ஆளு நாலு நாளா கத்துது. நீங்கதான் லேட்டு."

"டூட்டி இருந்துச்சுண்ணா. வந்துடுச்சா? நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கறதாலதான கத்துது."

அவ்வளவுதான் பேச்சு. வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தை. ஆனாலும் ஊரில் அவள் மனசார அண்ணா என்று கூப்பிட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

பிறகு ஒரு வசந்தத்தில் நூல்குருவி வரவில்லை. நாலு ஞாயிறு காத்திருந்தாள். மற்ற பறவைகள் கத்தின. காகம், புறா, வாத்து எல்லாம் கேட்டது. நாணல் மட்டும் ஊமையாக நின்றது. கீரைக்காரரிடம் கேட்டாள்.

"கத்துதேம்மா. காலையிலகூடக் கேட்டேன்" என்றார் அவர்.

தான் வந்த நேரம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வசந்தத்தில் இன்னும் சீக்கிரமே வந்தாள். அந்த வருஷமும் கேட்கவில்லை. கீரைக்காரர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவளுடன் நாணல் ஓரம் வரைக்கும் வந்தார்.

"இதோ, இப்பக் கத்துது பாருங்க."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தபோது அவருடைய கொட்டகைச் சுவரில் பூச்சிமருந்து தெளிக்கிற டப்பா ஒன்று சாய்ந்திருந்தது. அவளுக்குள் என்னவோ அறுந்தது.

"அண்ணா, எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க."

"பொய்யா? எனக்கு எதுக்கும்மா பொய்?"

"மருந்து தெளிக்கறீங்கல்ல?"

"தெளிக்காம யாரு விவசாயம் பண்றாங்க? ஆனா அதுக்கும் இதுக்கும்…"

மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க அந்தக் கோபம் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. பூச்சி செத்தால் குருவி சாகும் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். மூன்றாவது வசந்தத்திலும் நாணல் வாய் திறக்காததும், அன்று மாலையே உட்கார்ந்து வேளாண்மை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். நோட்டில் இருந்த தேதிகளையெல்லாம் வரிசையாக எடுத்துப் போட்டாள். உள்ளூர்ப் பத்திரிகைக்கும் ஒரு நகல் அனுப்பினாள். பதினைந்து வருஷத்துக் கணக்கை இவ்வளவு ஒழுங்காக எழுதியவள் பொய்யா சொல்வாள்? பத்திரிகை அப்படியே போட்டுவிட்டது.

அதிகாரிகள் வந்து மண்ணும் தண்ணீரும் எடுத்துப் போனார்கள். சோதனையில் பெரிதாக எதுவும் இல்லை என்று பல மாதம் கழித்துச் சொன்னார்கள். அதற்குள் கதை முடிந்திருந்தது. அவரிடம் வாடிக்கையாகக் கீரை வாங்கிய விடுதிச் சமையலறை நிறுத்திக்கொண்டது. சந்தையில் அவர் கூடையைப் பார்த்ததும், மருந்துக் கீரை என்று ஆட்கள் கிசுகிசுத்தார்கள். அறுப்புக்கு வந்ததெல்லாம் பாத்தியிலேயே முற்றிப் பூத்தது. நிலத்துக்காரர் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை.

அவளுக்கு இதெல்லாம் அரைகுறையாகக் காதில் விழுந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நியாயத்தைத்தான் செய்தோம் என்று இருந்தாள்.

நாலாவது வசந்தத்தில் வெளியூரிலிருந்து தங்கை ஒரு வாரம் தங்க வந்தாள். வந்த அன்றே, "ஏன்க்கா டிவிய இப்படி அலற விடற?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"வாயத் திறக்காம வர்றதா இருந்தா வா" என்றாள் அக்கா.

தங்கைக்கு அது பெரிய தண்டனை. இருந்தும் வாயைப் பொத்திக்கொண்டு கூடவே நடந்தாள். தோட்டம் இருந்த இடத்தில் களை மண்டி, அதன் நடுவில் தானாக முளைத்த பொத்தான்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தன. சதுப்பு ஓரம் கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் தங்கையால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, திட்டாத. இது என்ன சத்தம்? யாரோ சைக்கிள் பெடலப் பின்னாடி சுத்திக்கிட்டே இருக்கற மாதிரி."

"எந்தச் சத்தம்?"

"இதோ இதுதான். வந்ததிலேருந்து கேக்குதே."

அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாணலைப் பார்த்தாள். காற்றில் நாணல் அசைவது தெரிந்தது.

"இப்ப கேக்குதா?"

"ம்."

"கேக்கற வரைக்கும் கையத் தூக்கு. நின்னா இறக்கு."

தங்கை புரியாமல் கையைத் தூக்கினாள். கை வெகு நேரம் அப்படியே நின்றது. சட்டென்று இறங்கியது. மூச்சு விடும் நேரம்தான், மறுபடி உயர்ந்தது. நீளமாக ஒரு இழுப்பு, ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி நீளமாக. அந்த அளவு அவளுக்கு மனப்பாடம். வேறு எந்தப் பறவைக்கும் அந்த அளவு கிடையாது. தங்கையின் கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இவள் காதில் காற்று மட்டும்தான் இரைந்தது.

"போதும், இறக்கு" என்றாள்.

"ஏன்க்கா அழற? என்னக்கா?"

அடுத்த நாள் தங்கை அவளைக் காது பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஒவ்வொரு சத்தமாக விட்டார்கள். பரிசோதித்த பெண் வரைபடத்தைக் காட்டினாள். கோடு நேராக வந்து ஒரு இடத்தில் படி தவறியவன் போல விழுந்திருந்தது. "பேச்சு ஓரளவுக்குக் கேக்கறதால உங்களுக்குத் தெரியாம போயிருக்கு. கீச்சுன்னு வர்ற மெல்லிசான சத்தமெல்லாம் போயி நாலஞ்சு வருஷம் இருக்கும். எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். பாட்டில் தொழிற்சாலை என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கருவி வைத்தால் பேச்சு தெளிவாகும், போனது திரும்பாது என்று மட்டும் சொன்னாள்.

தொழிற்சாலையில் இரண்டு வருஷமாக விரிசல்களைத் தான் கோட்டைவிடுவதும், பக்கத்தில் நிற்பவள் சத்தம் போடாமல் எடுத்துப் போடுவதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கீரைக்காரர் எங்கே என்று கடைசி நிறுத்தத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் விசாரித்தாள். டவுனில் கார் நிறுத்தும் இடமொன்றில் காவலாளியாக இருப்பதாகச் சொன்னார். ஒரு முற்பகலில் தேடிப் போனாள். சிமெண்டுத் தரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அளவில்லாத நீலச் சட்டை ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, குருவி இருக்கு. எனக்குத்தான் காது போயிருக்கு. நீங்க சொன்னது நெஜம்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த நாணல் பக்கம் ரெண்டு பாத்திக்கு நான் மருந்தே அடிச்சதில்லம்மா. நீங்க வருவீங்கன்னு. என் வீட்டுக்காரி திட்டுவா, பூச்சிக்குப் பயிர் வெக்கறியான்னு. அன்னிக்கு அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க நிக்கல."

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நீங்க கெட்டவங்க இல்ல, அது தெரியும். அது தெரிஞ்சு நான் என்ன பண்றது?"

அன்று சாயங்காலமே பத்திரிகைக்கு இன்னொரு கடிதம் எழுதினாள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று தன் பெயரோடு எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். நேரில் போய் நின்றாள். ஆறு வாரம் கழித்து ஏழாம் பக்கத்து மூலையில் நாலு வரி போட்டார்கள். அவள் எழுதியதில் பாதியை வெட்டியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கார் நிறுத்தும் இடத்துக்குப் போனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்து, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றாள். அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"கார் வருதும்மா. கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார்.

அது வருகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றுகொண்டாள். அவர் எழுந்து போய்த் தடுப்புக் கம்பியைத் தூக்கினார்.