ஐந்து கேசட் கடையும் ஒரு கேமராவும்

ஆவணப்படம் எடுத்துப் பிழைக்கிற சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: கேமராவைக் கண்டதும் உண்மை வேட்டி மாற்றப் போய்விடும். திண்டுக்கல்லில் தொடங்கி ஐந்து ஊர்களில் கேசட் கடை நடத்தி, ஐந்தையும் மூடிய தங்கவேல் முதலாளியைப் பற்றிப் படம் எடுக்கப்போய் நான் பட்டது இது.

பாதி வரலாறு

கடைகள் வளர்ந்ததும் விழுந்ததும்தான் படம் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். பட்டு வேட்டியில் வந்து உட்கார்ந்தார். புதுப்படப் பாட்டு வரும் நாளில் ஷட்டர் திறக்குமுன்பே கூட்டம் நின்றதையும், வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பாட்டுகளைக் காலி கேசட்டில் பதிந்து கொடுத்ததையும் இரண்டு மணி நேரம் சொன்னார். அதை ஒரு கலை என்றார். எப்படி விழுந்தது என்று கேட்டேன். கேமராவை நிறுத்தச் சொன்னார்.

“வளந்தத மட்டும் எடுங்க தம்பி. மிச்சந்தான் ஊருக்கே தெரியும்ல.”

சோளக்காட்டில் இசை

விற்காத கேசட்டுகள் நெய்க்காரப்பட்டியில் அவர் மச்சானின் மோட்டார் ரூமில் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். பெட்டிகள் காலி. மச்சான் நாடாவையெல்லாம் உருவி, சோளக்காட்டில் குச்சிக்குக் குச்சி கட்டியிருந்தார். காற்றில் அது பளபளவென்று அதிர்ந்தது. என் கேமராமேன், ஒரு யுகமே முடிந்துவிட்டது என்று கண் கலங்கினான். மச்சான் அவனைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

“ஏனுங்க, பாட்டு எப்புடி இருந்துச்சோ எனக்குத் தெரியாதுங்க. கிளி வரலீங்க.”

எதிர்க்கடை

கடைகள் ஏன் விழுந்தன என்பதை மெஹருன்னிசா சொன்னார். திண்டுக்கல் கடை கவுண்டரில் பத்து வருடம் நின்றவர். செல்போனில் பாட்டு ஏற்றித் தருவீர்களா என்று காலேஜ் பையன்கள் கேட்க ஆரம்பித்ததும் முதலாளியிடம் போய், ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடலாம் என்றிருக்கிறார். கவுண்டரில் நிற்பவள் யோசனை சொல்வதா என்று, முதலாளி அவரை வத்தலக்குண்டு கிளைக்கு மாற்றிவிட்டார். கைக்குழந்தையோடு வீட்டையும் மாற்றிக்கொண்டு போனவர், ஆறே மாதத்தில் வேலையை விட்டு, கிளைக்கு எதிரிலேயே மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் கடை போட்டார். ஐந்தில் முதலில் மூடியது அந்தக் கிளைதான். முதலாளி அதைத் திருட்டு என்கிறாரே என்றேன். மெஹருன்னிசா குரலை உயர்த்தவில்லை.

“அவுக கேசட்ல பதிஞ்சா கலை, நான் கார்டுல ஏத்துனா திருட்டா சார்?”

திரையிடல்

படத்தைப் போட மண்டபம் பிடித்துத் தந்தவர் முதலாளி. ஆகவே முன்னாலேயே பார்த்தார். மெஹருன்னிசா வரும் இடத்தை எடுத்துவிடச் சொன்னார். மண்டபத்தை நினைத்துத் தலையாட்டினேன். வெட்டிப் பார்த்தால் படம் அவர் வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி இருந்தது. வெட்கமாகிவிட்டது. திரும்பச் சேர்த்து, அவரிடம் சொல்லாமலே போட்டேன், மெஹருன்னிசாவையும் கூப்பிட்டிருந்தேன். அந்த இடம் வந்தபோது முன்வரிசையில் முதலாளி அசையவில்லை. விளக்குப் போட்டதும் எழுந்து நேரே மெஹருன்னிசாவிடம் போனார். அன்றைக்கே இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாமே என்று, தப்பு அவருடையது என்பதுபோலக் கேட்டார். மெஹருன்னிசா எழுந்து நின்று மரியாதையாகவே பதில் சொன்னார்.

“சத்தமாத்தான் சொன்னேன் முதலாளி. நீங்கதான் பாட்டக் கூட்டி வச்சீங்க.”

கடை எப்படிச் செத்தது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு மிஷினைக் கை காட்டுகிறார்கள். முதலாளிக்குக் காது கேட்காமல் செத்தது என்று சொல்ல மட்டும் கேமராவுக்கு முன்னால் ஒரு முதலாளியும் வந்ததில்லை.