மூன்று மணி நேரம் தாங்கும் புழு

ரப்பர் புழு வாங்கப் போன டெய்சி அக்கா கடையில் கேட்டது ஒரே கேள்விதான். "இது எம்புட்டு நேரம் தாங்கும், பாய்?"

பேகம்பூரில் வலையும் நைலான் கயிறும் விற்கிற கடை அது. ஒரு மூலையில் மட்டும் தூண்டில் சாமான்கள் தொங்கும். கடைக்காரர் நாசருக்கு இந்தக் கேள்வி புதிது. வருகிறவர்கள் எந்த நிறத்துக்கு மீன் வரும், எந்த வாசனைக்கு வரும் என்று கேட்பார்கள். புழு கிழிந்தால் இன்னொன்றை மாட்டிக்கொள்வார்கள். அதற்குத்தான் ஒரு பாக்கெட்டில் எட்டோ பத்தோ இருக்கின்றன.

"மீனு எப்படிக் கடிக்குதோ அப்படிக்கா."

"மூணு மணி நேரம் தாங்கணும்."

"அதென்னக்கா மூணு மணி நேரம்? சினிமாவா?"

"தூங்கணும்," என்றார் டெய்சி அக்கா.

நாசர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டு, நாலைந்து பாக்கெட்டுகளை எடுத்து மேசையில் போட்டார்.

மேட்டுப்பட்டியில் டெய்சி அக்கா வீட்டு மாடியில் நான் நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். டெய்சி அக்கா ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். நூற்றிருபது பேருக்கு இட்லி ஊற்ற வேண்டும் என்பதால் மூன்றரை மணிக்கே எழுந்துவிடுவார். மாலை வீடு திரும்பும்போது வாசல்படி ஏறும் சத்தம்கூட அலுப்பாகத்தான் கேட்கும். ஞாயிறு ஒருநாள் விடுப்பு. அன்றும் முதல் பூசைக்குப் போய் வந்ததும் துணி, தண்ணீர், வீடு, பிறகு ஜெரோம் அண்ணன்.

அக்காவின் கணவர் ஜெரோம் அண்ணன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற மினி லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது. கால் ஓரளவு சரியாகிவிட்டது. பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது என்பார்.

முன்பெல்லாம் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தூண்டில் போடுகிற பழக்கம் அவருக்கு இருந்தது. அதை நினைவில் வைத்து அக்காதான் ஒரு லேசான தூண்டில் கோல் வாங்கி வந்தார். இடது கையால் வீசலாம். மீன் மாட்டினால் கோலின் அடியை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையால் தூண்டில் நரம்பைச் சுற்றலாம். கனமான கோலென்றால் அப்படி நிற்காது. அதனால் எல்லாமே சின்னதாக இருந்தது. மெல்லிய நரம்பு, சின்னக் கொக்கி, மிளகு அளவு ஈயம். ஞாயிறு காலை டி.வி.எஸ். மொபெட்டில் அக்கா ஓட்ட, அண்ணன் பின்னால் கோலைப் பிடித்துக்கொண்டு உட்கார, செம்பட்டி தாண்டி சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போவார்கள்.

கஷ்டம் புழுவில்தான் வந்தது. மண்புழு வழுக்கும், நெளியும். அதைக் கொக்கியில் கோர்க்க இரண்டு கை வேண்டும். கோர்த்துப் போட்டால் இரண்டு நிமிடத்தில் ஜிலேபிக் கெண்டை உருவிக்கொண்டு போய்விடும். உடனே "டெய்சி" என்று கூப்பிடுவார். ஒரு காலையில் நாற்பது தடவை. பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள் "நாங்க மாட்டித் தாரோம்ணே" என்று வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா மாட்டினால் மட்டும்தான் அவருக்குச் சரி.

கரையில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் ஒரு சேலையை விரித்துப் படுக்க வேண்டும். டெய்சி அக்காவுக்கு அந்த வருடம் வேண்டியிருந்தது அவ்வளவுதான். வீட்டில் அது நடக்காது. குழாயில் தண்ணீர் வரும், யாராவது வருவார்கள். கரையில் அவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். புழு மட்டும் கொக்கியிலேயே இருந்தால் போதும்.

முதலில் வாங்கியது மெத்தென்று இருந்த கருஞ்சிவப்புப் புழு. உப்பும் சோம்பு வாசனையும் சேர்த்துச் செய்தது. மீனுக்கு அது பிடித்துவிட்டது. கடித்தால் விடாமல் கவ்விக்கொள்ளும். ஆனால் மூன்றாவது கடியில் தலைப்பக்கம் பிய்ந்து கொக்கியின் வளைவுக்கு இறங்கிவிடும். தலையில் ஒரு சொட்டுப் பசை வைத்துப் பார்த்தார். இறங்குவது நின்றது, வால் போனது. அடுத்த வாரம் தடித்த ஒன்று. அது சைக்கிள் டியூப் மாதிரி இருந்தது. கிழியவே இல்லை. மீனும் அதைச் சீண்டவே இல்லை. "இத எனக்கே திங்கப் பிடிக்கல, மீனு எப்படித் திங்கும்?" என்றார் ஜெரோம் அண்ணன். அன்றைக்கு அக்கா படுத்துப் பார்த்திருக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "டெய்சி, மீனே இல்ல," "டெய்சி, வேற மாட்டு" என்று குரல் வந்துகொண்டே இருந்ததாம்.

மூன்றாவது முறை போனபோது நாசரே யோசித்து ஒன்றை எடுத்தார். சுண்டுவிரல் நீளப் பச்சைப் புழு. ஒரு முனையை அக்கா கையில் கொடுத்துவிட்டு மறுமுனையை முழ நீளத்துக்கு இழுத்துக் காட்டினார். விட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கிக்கொண்டது.

"இது கிழியாதுக்கா. கொக்கியில ஏத்துறதுதான் இம்சை, பிசுபிசுன்னு பிடிக்கும். ஒரு தடவ நேரா ஏத்திட்டீங்கன்னா அப்புறம் அதுபாட்டுக்கு இருக்கும். தண்ணில மிதக்குற ரகம். ஈயம் தரையில கெடக்கும், வாலு மட்டும் எந்திரிச்சு நிக்கும். சும்மா வச்சிருந்தாலே ஆடும்."

"சும்மா வச்சிருந்தாலேவா?"

"ஆமாக்கா. அண்ணன் ஆட்டவே வேணாம்."

அன்று வியாழக்கிழமை. அக்கா நேராக மாடிக்கு வந்து பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லேன்." நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன். செருப்புக்கூடக் கழற்றவில்லை. முன்பக்கம் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். சாதாரணப் புழுவைவிடப் பத்து மடங்கு தாங்கும். மிதக்கும். உப்பு இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னும் நான்கு வரிகள் இருந்தன. அதற்கு உடனே தமிழ் வரவில்லை. "அவ்வளவுதான்க்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கீழே போனதும் அக்கா செய்தது எந்தச் சமையற்காரரும் செய்கிற காரியம். பிரித்த பாக்கெட்டில் எதையும் வைக்க அவருக்கு மனது வராது. சோம்பு வாசனைக்கு ஏற்கெனவே ஒருமுறை எறும்பு ஏறியிருந்தது. பழைய புழுக்களில் மிச்சம் இருந்ததையும் புதியதையும் ஒன்றாக ஒரு பிளாஸ்டிக் பால்கோவா டப்பாவில் கொட்டி, இறுக மூடி, பிரிட்ஜின் மேல் வைத்தார். மார்ச் மாதம். மாடி இல்லாத பின்கட்டின் ஓட்டுக்கூரைச் சூடு அந்த இடத்தில்தான் இறங்கும்.

ஞாயிறன்று கண்மாய்க் கரையில் டப்பாவைத் திறந்தபோது உள்ளே புழு இல்லை. கருஞ்சிவப்பும் பச்சையும் கலந்து ஒரே கூழ். விரலால் தொட்டால் மிட்டாய்ப் பாகு மாதிரி நூலாக வந்தது. டப்பாவின் அடிப்பக்கமும் இளகிப்போயிருந்தது.

ஜெரோம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன, அல்வா கிண்டிட்டியா?"

அக்கா டப்பாவை மூடித் தரையில் வைத்தார்.

"சரி விடு. அந்த வாய்க்கா ஓரத்துல தோண்டு, மண்புழு கெடைக்கும். எப்பயும் போல மாட்டிக் குடு."

"முடியாது."

"என்ன முடியாது?"

"தோண்ட முடியாது. மாட்ட முடியாது. எனக்குக் கண்ணே தெரியல. நான் தூங்கணும்னுதாங்க இந்தப் புழுவத் தேடி அந்தக் கடைக்கு அலையுறேன்."

அண்ணன் கோலைக் கீழே வைத்தார். "நான் மீன் பிடிக்கணும்னு நீ வாங்குறன்னு நெனச்சேன்," என்றார்.

"அதுக்கும்தான்."

"அதுக்கும்தான்," என்று அவர் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும் வரை இருவரும் பேசவில்லை. இதை அக்கா ஒரு விதமாகவும், அண்ணன் ஒரு விதமாகவும் என்னிடம் சொன்னார்கள். இந்த இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தன.

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை. டிவிக்கு எதிரே நாற்காலி மறுபடியும் வந்துவிட்டது. "நீ படு, நான் ஒன்னயத் தொந்தரவு பண்ணல," என்று மட்டும் சொல்வாராம். அக்கா படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காலி பாக்கெட் குப்பைக் கூடையில் கிடந்ததைப் பார்த்து நான்தான் எடுத்தேன். பின்பக்கத்து நான்கு வரிகளையும் நின்று வாசித்தேன். இந்த ரகத்தை வேறு ரப்பர் புழுக்களுடன் சேர்த்து வைக்கக் கூடாது, ஒன்றையொன்று கரைத்துவிடும். வெயிலில் வைக்கக் கூடாது. இதே பாக்கெட்டிலேயே வைக்க வேண்டும். அக்காவைத் தேடிப் போய்ச் சொன்னேன். அன்றைக்கு இதை வாசிக்காமல் விட்டது நான்தான் என்றும் சொன்னேன்.

அக்கா கழுவிக்கொண்டிருந்த குக்கரை நிமிர்த்தி வைத்தார். "நீயும் அலுத்துப்போய்த்தான வந்திருப்ப," என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மாலை இருவரும் நாசர் கடைக்குப் போனோம். நடந்ததைக் கேட்டு அவர் தலையில் கை வைத்தார். "ஐயய்யோ, நானாச்சும் சொல்லியிருக்கணுமே. ரெண்டு கட்சிக்காரன ஒரே வேன்ல ஏத்துன மாதிரில்ல ஆயிருக்கு." புதிய பாக்கெட்டை எடுத்து, அதன் வாயை மடித்து மூடுவது எப்படி என்று இரண்டு முறை காட்டினார். அப்புறம் ஒரு புழுவை வெளியே எடுத்துத் தானே கொக்கியில் ஏற்ற உட்கார்ந்தார். கொக்கி முனையைப் புழுவின் மூக்கில் நுழைத்து, அரை விரல் தூரம் நேராக ஓட்டி, வயிற்றுப் பக்கம் வெளியே எடுக்க வேண்டும். வளைந்தால் தண்ணீரில் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். அவர் இரண்டு தடவை வளைத்துவிட்டார். மூன்றாவது தடவை அக்கா வாங்கி ஏற்றினார். நூற்றிருபது பேருக்கு வாழைப்பூ ஆய்கிற கை அது. ஒரே தடவையில் நேராக வந்தது.

வீட்டுக்கு வந்து அக்கா அந்தக் கொக்கியை ஜெரோம் அண்ணன் மடியில் வைத்தார். அண்ணன் புழுவை இடது கையால் இழுத்துப் பார்த்தார். பல்லால் கடித்தும் பார்த்தார்.

"இது தாங்கிட்டா நீ தூங்கிருவியா?"

"தூங்கிருவேன்."

"நான் கூப்டவே மாட்டேன் பாரு," என்றார். சவால் விடுகிற மாதிரிதான் சொன்னார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, ஓலையைப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுக் கிளம்பினார்கள். கண்மாயில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. கொக்கியை ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்துவிட்டு அக்கா வேப்பமரத்தடிக்குப் போனார். மணி எட்டரை. சேலையை விரித்தார். படுத்தார்.

ஒன்பது மணி வரை எந்தச் சத்தமும் இல்லை. இதற்காகத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தார். கண்ணை மூடினார். காது மூடவில்லை. ஒன்பதே காலுக்கு ஏதோ தண்ணீரில் விழுந்த மாதிரி இருந்தது. தவளையாக இருக்கும் என்று நினைத்தார். தலையைத் தூக்கிப் பார்த்தால் வரப்பு மேடு மறைத்தது. கூப்பிட மாட்டேன் என்று சொன்ன மனிதர். விழுந்தாலும் கூப்பிட மாட்டாரோ? மறுபடி ஸ்ட்ரோக் வந்து இடது பக்கமும் கைகால் இழுத்துக்கொண்டால் கூப்பிடத்தான் முடியுமா? பத்து மணி வரை இப்படியே கிடந்தார். பத்து மணிக்கு எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் மேட்டைத் தாண்டிப் போனார்.

ஜெரோம் அண்ணன் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தார். காலடியில் சாக்குப் பையில் மூன்று ஜிலேபிக் கெண்டை. புழுவின் மேல் சின்னச் சின்னப் பல் தடங்கள் இருந்தன. வால் முழுசாக இருந்தது.

"எந்திரிச்சிட்டியா?"

"தூங்குனாத்தான எந்திரிக்கிறதுக்கு."

"ஏன், நான் ஒன்னயக் கூப்டவே இல்லையே?"

"அதான்," என்றார் அக்கா.

அண்ணனுக்கு அது புரியச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும் நரம்பை முழுக்கச் சுற்றி எடுத்து, கொக்கியைக் கோலில் மாட்டினார். மேட்டுக்கு இந்தப் பக்கம், அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னாலேயே, ஒரு கருவேலஞ்செடியின் நிழல் கொஞ்சம் விழுந்திருந்தது. பாதி ஆளுக்குத்தான் காணும்.

"சேலைய எடுத்துட்டு வந்து இங்க போடு. நான் பேசிக்கிட்டே போடுறேன். சத்தம் நின்னா எந்திரி."

"பேசுனா மீனு வராது."

"வராட்டி போகுது. மூணு கெடக்குல்ல."

அக்கா சேலையை எடுத்து வந்தார். முள்ளைத் தள்ளிவிட்டுப் படுத்தார். தலை நிழலில், கால் வெயிலில். ஜெரோம் அண்ணன் தூண்டிலை வீசிவிட்டுப் பேச ஆரம்பித்தார். மீனைத் திட்டினார். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிவிட்டுப் பாதிக் கூலியோடு ஓடிப்போன ஒரு ஏஜெண்டைத் திட்டினார். மாடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துபோகிற என்னையும் திட்டியிருக்கிறார், அதை அக்கா சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

அன்று மாலை மீனில் ஒன்றைக் கொடுக்க அக்கா படியேறி வந்தார். வலது கன்னத்தில் சேலை மடிப்பின் தடம் இன்னும் இருந்தது. பாதத்தில் வெயில் பட்ட இடம் கறுத்திருந்தது.

"எவ்வளவு நேரம்க்கா தூங்குனீங்க?"

"முக்கா மணி நேரம் இருக்கும்," என்றார். "அப்புறம் அவருக்குத் தொண்ட வறண்டுபோச்சு."